வீட்டில் கட்டிய கார் ஸ்டீரியோ: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் பழைய மாருதி 800 வண்டிகள் இன்னும் நான்கைந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் இருந்த ஸ்டீரியோ எப்போதோ பழுதாகிக் கழற்றப்பட்டு, டேஷ்போர்டில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பொந்து மட்டும் மிஞ்சியிருக்கும் அந்த வண்டிகளுக்கு, எஸ்.பி. ரோட்டில் உதிரியாக வாங்கிய போர்டுகளை வைத்து ஸ்டீரியோ கட்டிக் கொடுப்பதை ஞாயிற்றுக்கிழமை வேலையாகச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கட்டுவது ஒரு நாள் வேலைதான். கட்டி முடித்த பிறகு வரும் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில்தான் உண்மையான நேரம் செலவாகிறது. இப்படிக் கட்டிய பலரும் கோளாறு என்றதும் ஆம்ப்ளிஃபயர் ஐசியை, அதாவது ஒலியைப் பெருக்கும் சில்லை, கழற்றி மாற்றுகிறார்கள். நான் பார்த்தவரை ஐசி பழுதாகியிருந்த தருணங்கள் குறைவு. எர்த் ஒயர், அதாவது வண்டியின் உலோக உடம்பு வழியாக மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயர், சரியில்லாத தருணங்களே மிகுதி. ஆகவே ஐசியில் கை வைப்பதற்கு முன் மல்டிமீட்டரின் கருப்பு முனையை எங்கே வைப்பது என்று யோசிக்கும்படி இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

எந்த அமைப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முன்பக்கத்தில் புளூடூத், பென் டிரைவ், எஃப்எம் மூன்றும் உள்ள மலிவான பேனல் ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் டிடிஏ 7388 ஐசி கொண்ட நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் போர்டு இருக்கும். இந்த ஐசி கார் ஸ்டீரியோவுக்கென்றே செய்யப்பட்டது. 8 முதல் 18 வோல்ட் வரை வேலை செய்யும். பேட்டரி லைனில் நொடிப்பொழுது வரும் 50 வோல்ட் அடியையும் தாங்கும். பேனலுக்கு 5 வோல்ட் கொடுக்க, வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம் 2596 பக் கன்வெர்ட்டர் ஒன்று இருக்கும். வண்டியிலிருந்து மூன்று ஒயர்கள் வரும்: எப்போதும் மின்சாரம் இருக்கும் மஞ்சள், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் சிவப்பு, எர்த்துக்கான கருப்பு. ஸ்பீக்கர்கள் 4 ஓம்.

சிலர் இதே வேலைக்கு டிடிஏ 7297 அல்லது பிஏஎம் 8610 போர்டு போடுகிறார்கள். பின்னதை நான் வண்டியில் போடுவதில்லை. அதன் வரம்பு 15 வோல்ட். எஞ்சின் ஓடும்போது லைனில் 14.4 வோல்ட் வரை இருக்கும் வண்டியில் அது எப்போதும் விளிம்பிலேயே நிற்கும். பிஏஎம் 8403 என்பது 5 வோல்ட் போர்டு. அதில் 12 வோல்ட் கொடுத்தால் அந்தக் கணமே போய்விடும், அதற்குப் பிழை நீக்கும் வழி எதுவும் கிடையாது.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல், முதலைக் கிளிப் போட்ட இரண்டு ஒயர்கள், இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று. அந்தப் பல்பு மிகவும் முக்கியம். செட்டுக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரில் அதைத் தொடராக இணைத்துவிட்டால், உள்ளே எங்கே ஷார்ட் இருந்தாலும் பல்பு முழு வெளிச்சத்தில் எரியுமே தவிர, 1.75 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாயாது, போர்டு கருகாது. புதிதாகக் கட்டிய எந்தச் செட்டுக்கும் முதல் மின்சாரத்தை இந்தப் பல்பின் வழியாகவே கொடுங்கள். ஒயரில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள புதிய வண்டிகளில் மஞ்சள் உறை போட்ட கனெக்டர்களை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

செட்டில் உயிரே இல்லை

சாவியைத் திருப்பியும் பேனல் விளக்கு எரியவில்லை என்றால், ஆம்ப்ளிஃபயர் போர்டின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். கருப்பு முனையை வண்டியின் உடம்பில் வைத்து அளப்பது இங்கே உதவாது. எர்த் ஒயர் அறுந்திருந்தாலும் உடம்பில் வைத்தால் மீட்டர் 12 வோல்ட் காட்டும். நீங்களும் மின்சாரம் வருகிறது என்று நம்பி ஐசியைக் கழற்றப் போவீர்கள். போர்டின் இரு முனைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லையென்றால், அதன் பிறகு கருப்பு முனையை உடம்புக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். இப்போது 12 வோல்ட் தெரிந்தால் குற்றம் எர்த்தில். தெரியாவிட்டால் ஃபியூஸிலோ பாசிட்டிவ் ஒயரிலோ இருக்கிறது.

மீட்டர் 12 வோல்ட் காட்டியும் செட் எழவில்லை என்றால் அதை உடனே நம்ப வேண்டாம். மீட்டருக்குத் தேவைப்படும் மின்சாரம் மிகச் சொற்பம் என்பதால், பச்சை பூத்துப்போன ஒரு ஃபியூஸ் ஹோல்டரின் வழியாகக்கூட அது 12 வோல்ட்டைக் காட்டிவிடும். அதே இடத்தில் 21 வாட் பல்பை வைத்துப் பாருங்கள். பல்பு மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ, வழியில் ஏதோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேனல் எரிந்து ஆம்ப்ளிஃபயர் மட்டும் ஊமையாக இருந்தால், டிடிஏ 7388 ஐசியின் 4ஆம் காலைப் பாருங்கள். அது ஸ்டாண்ட்-பை கால். அதில் 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் ஐசி விழிக்கும். 22ஆம் கால் சத்தத்தை அடக்கும் மியூட். அதற்கும் அதே நிபந்தனைதான். மலிவான போர்டுகளில் இவ்விரு கால்களும் தனித்தனி முனைகளாக வெளியே விடப்பட்டிருக்கும், கடையில் யாரும் அதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

10 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது என்பதற்காக 20 ஆம்பியர் ஃபியூஸ் போடுவதை யாரும் செய்யக் கூடாது. ஃபியூஸ் காப்பது செட்டை மட்டும் இல்லை. டேஷ்போர்டுக்குள் ஓடும் ஒயரையும் அதுதான் காக்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டுவிட்டு 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால், ஃபியூஸுக்கு முன்னால் ஒயரின் உறை உருகும். வண்டியில் அதற்குப் பெயர் தீ.

மின்சாரம் கொடுத்ததுமே போகிறதா, சத்தம் கூட்டினால் போகிறதா என்பதைப் பிரித்துப் பாருங்கள். கொடுத்ததுமே போனால், பாசிட்டிவ் நெகட்டிவ் மாற்றி இணைத்திருக்கலாம். என் செட்டுகளில் உள்ளே நுழையும் இரு முனைகளுக்குக் குறுக்கே 1என் 5408 டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருப்பேன். யாராவது மாற்றி இணைத்தால் டயோடு முழு மின்சாரத்தையும் தன் வழியே விட்டு ஃபியூஸைப் போக்கிவிடும், ஐசி தப்பும். ஆனால் அந்த அதிர்ச்சியில் டயோடே ஷார்ட்டாகிவிடுவதும் உண்டு என்பதால், ஒயரைச் சரியாக மாற்றிய பிறகும் ஃபியூஸ் போனால் டயோடைக் கழற்றி அளந்து பாருங்கள்.

சத்தம் கூட்டும்போது மட்டும் போனால் ஸ்பீக்கர் ஒயரைப் பாருங்கள். கதவு மூடும் இடத்தில் நசுங்கி, உள்ளே இருக்கும் செம்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, பழைய செட்டின் ஒயரிங்கை அப்படியே பயன்படுத்துவது. பழைய வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயர் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். டிடிஏ 7388 பிரிட்ஜ் வகை ஐசி. அதன் ஸ்பீக்கர் முனைகள் எட்டிலும் சப்ளையில் பாதி, அதாவது 6 முதல் 7 வோல்ட் வரை எப்போதும் நிற்கும். அதில் ஒன்றை உடம்போடு இணைப்பது ஷார்ட் செய்வதற்குச் சமம். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர்கள் தனியாக வர வேண்டும். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு எட்டு முனைகளையும் எர்த்துக்கு எதிராக ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் ஐசி நலமாக இருக்கிறது. ஒரு முனை மட்டும் பூஜ்யத்திலோ 12 வோல்ட்டிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சேனல் போய்விட்டது. அதில் ஸ்பீக்கரை மாட்டினால் காயில் நேர் மின்சாரம் பாய்ந்து ஸ்பீக்கரும் போய்விடும்.

ஸ்டார்ட் செய்யும்போது அணைந்து மீண்டும் வருகிறது

இது கோளாறே இல்லை. சாவி ஸ்டார்ட் நிலைக்குப் போகும்போது சிவப்பு ஒயரின் மின்சாரத்தை இக்னிஷன் சுவிட்ச் வேண்டுமென்றே துண்டிக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு முழு பேட்டரியும் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

இசை கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் கேட்கவில்லை

எதிர்வீட்டு அண்ணன் ஒரு நாள் இரவு வண்டியை நிறுத்திவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். "தம்பி, தபலா வருது, வயலின் வருது, பாடுறவங்க மட்டும் வரல. வேலூர் போய் வர்ற வரைக்கும் இப்படியேதான் இருந்துச்சு" என்றார். அவர் போனை ஆக்ஸ் ஒயர் வழியாக இணைத்துப் பாட்டுக் கேட்பவர். போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது துல்லியமாக உண்மையாக இருந்தது. வயலின்கள் தெளிவாக இருந்தன. பின்னணியில் சேர்ந்து பாடுகிறவர்களின் குரல்கூட வந்தது. நடுவில் பாடும் குரல் மட்டும் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோலத் தேய்ந்து கிடந்தது.

அறிகுறிகளிலேயே இவ்வளவு நேராகத் தன் காரணத்தைக் காட்டிக்கொடுப்பது வேறொன்றில்லை. பாட்டைப் பதிவு செய்யும்போது பாடுகிறவரின் குரலை இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் சம அளவில் வைக்கிறார்கள்; அதனால்தான் குரல் நடுவிலிருந்து வருவதுபோல் நமக்குக் கேட்கிறது. வாத்தியங்களை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் பிரித்து வைக்கிறார்கள். ஆக்ஸ் ஒயரில் மூன்று கம்பிகள் உண்டு: இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான எர்த். இந்த எர்த் அறுந்துவிட்டால் இடது சிக்னல் திரும்பிப் போக வேறு வழியில்லாமல் வலதின் வழியாகத் திரும்புகிறது. அப்போது ஆம்ப்ளிஃபயருக்குக் கிடைப்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். இரு பக்கமும் ஒன்றாக இருந்த குரல் அந்தக் கழித்தலில் மறைந்துவிடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்ட வாத்தியங்கள் மிஞ்சுகின்றன.

உறுதி செய்துகொள்ள நான் ஒன்று செய்தேன். போனை சிகரெட் லைட்டரில் மாட்டும் சார்ஜரில் இணைத்தேன். அந்தக் கணமே குரல் முழுதாக வந்துவிட்டது. கூடவே எஞ்சினின் ரீங்காரமும் வந்தது. "சரியாயிடுச்சே!" என்றார் அண்ணன். சரியாகவில்லை. சார்ஜர் ஒயரில் உள்ள நெகட்டிவ் வண்டியின் உடம்போடு சேர்ந்திருப்பதால், ஆக்ஸ் ஒயரில் அறுந்துபோன எர்த்துக்குப் பதிலாகச் சார்ஜர் வழியாக ஒரு சுற்றுவழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆக, குரல் இல்லை, ஆனால் சார்ஜரில் போட்டால் குரல் வருகிறது என்றால், அறுந்திருப்பது ஆக்ஸ் எர்த்தேதான். வேறு எதையும் தேட வேண்டாம்.

செட்டை வெளியே இழுத்து, ஆக்ஸ் சாக்கெட்டை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எர்த் காதில் வைத்த ஈயம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. தீக்குச்சி முனையால் அந்தக் காதை மெல்ல அசைத்தபோது, ஈயத்துக்கும் காதுக்கும் நடுவே முடியளவு வட்டமான ஒரு கோடு தெரிந்தது. ஈயம் ஒரு தொப்பி மாதிரி தனியாக ஆடியது. சாக்கெட்டை டேஷ்போர்டில் இறுக்காமல் விட்டிருந்ததால், ஒவ்வொரு முறை போன் ஒயரைச் சொருகி இழுக்கும்போதும் மொத்த இழுப்பும் அந்த ஒரு ஈயப் பொட்டின் மேல் விழுந்திருக்கிறது. பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, காதைப் பிளேடால் சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி மறுபடி ஈயம் வைத்தேன். ஒயரை இரண்டு அங்குலம் தளர்வாக விட்டுச் சாக்கெட்டின் உடம்போடு டை போட்டுக் கட்டினேன். அதற்குப் பிறகு அந்த வண்டியில் இந்தக் கோளாறு வந்ததில்லை.

இதே அறிகுறி இன்னும் இரண்டு இடங்களிலும் வரும். மைக்கும் சேர்ந்த நான்கு பட்டை பிளக்கை மூன்று பட்டைக்கான சாக்கெட்டில் சொருகினால், சில சாக்கெட்டுகளில் எர்த் இருக்க வேண்டிய இடத்தில் மைக் பட்டை போய் நிற்கும். பிளக்கைச் சற்றே வெளியே இழுத்தால் குரல் வந்துவிடும். டிடிஏ 2030 போன்ற பிரிட்ஜ் அல்லாத பழைய போர்டுகளில் இரு ஸ்பீக்கர்களின் நெகட்டிவ் ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி, அந்த முறுக்கைப் போர்டின் எர்த்துக்குக் கொண்டு போகாமல் விட்டாலும் இதுவே நடக்கும்.

குரல் இருக்கிறது, அடிநாதம் இல்லை

தபலாவின் டக்காவும் பேஸ் கிட்டாரும் மெலிந்து, ஒரு ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றினால் அடிநாதம் கூடுகிறது என்றால், இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால் தாழ்ந்த ஓசை ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, பென்சில் செல்லால் ஒரு கணம் தொடுங்கள். செல்லின் பாசிட்டிவ் பட்ட ஒயர் ஸ்பீக்கரின் பாசிட்டிவ் என்றால் கோன் வெளியே துள்ளும். எல்லா ஸ்பீக்கரையும் ஒரே மாதிரி துள்ளும்படி இணைத்தால் முடிந்தது. நல்ல 4 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் 3.2 முதல் 3.6 ஓம் வரை காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம்

வீட்டில் கட்டிய செட் என்று தெரிந்துவிடுவதே இந்தச் சத்தத்தால்தான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் "ஊஊ" என்று மேலே ஏறும், விட்டால் இறங்கும். ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் பேட்டரியின் மின்சாரம்போலச் சமமாக இருப்பதில்லை. மேலே சிற்றலைகள் ஓடும். ஆறு ஜோடி துருவம் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளை எழுப்பும். எஞ்சின் 800 சுற்றில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் அதைவிட இரு மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்குச் சுமார் 960 அலைகள். காதுக்கு நன்றாகக் கேட்கும் இடத்தில்தான் இந்த அலைவரிசை விழுகிறது.

ரீங்காரமாக இல்லாமல் "டர்ர்" என்று தனித்தனி அடிகளாகக் கேட்டால் அது ஆல்டர்னேட்டர் இல்லை, ஸ்பார்க் பிளக். மூன்று சிலிண்டர் உள்ள 800 வண்டியில் 800 சுற்றுக்கு நொடிக்கு 20 பொறி விழும். ரெசிஸ்டர் உள்ள பிளக்கும் நல்ல பிளக் ஒயரும் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ரீங்காரத்துக்கு வருவோம். ஃபில்டர் வாங்க ஜே.சி. ரோட்டுக்கு ஓடுவதற்கு முன், சத்தம் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சிக்னல் ஒயரைப் போர்டிலேயே கழற்றி, இன்புட் முனையைப் போர்டின் சிக்னல் எர்த்தோடு ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுங்கள். இப்போதும் ரீங்காரம் கேட்டால் சப்ளை வழியாகவோ ஆம்ப்ளிஃபயரின் எர்த் வழியாகவோ வருகிறது. நின்றுவிட்டால் பேனலுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே உள்ள எர்த்தில் இருக்கிறது. நான் பார்த்த செட்டுகளில் இரண்டாவதுதான் வழக்கம்.

இரண்டாவது ஏன் வருகிறது என்றால், ஆம்ப்ளிஃபயரின் எர்த்தும் பேனலின் எர்த்தும் ஒரே மெல்லிய ஒயரில் போய்ச் சேர்கின்றன. ஆம்ப்ளிஃபயர் அந்த ஒயரில் 5 ஆம்பியர் ஓட்டும்போது, ஒயரும் இணைப்பும் சேர்ந்து பத்தில் ஒரு ஓம் இருந்தால்கூட அரை வோல்ட் அங்கே எழும். பேனலிலிருந்து வரும் சிக்னலே அரை வோல்ட், ஒரு வோல்ட் அளவில்தான் இருக்கிறது. ஆகவே எர்த்தில் எழும் அந்தக் குப்பை வோல்ட் சிக்னலோடு கலந்து, பெருக்கப்பட்டு, ஸ்பீக்கரில் வந்துவிடுகிறது. பாட்டு ஓடும்போது மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் நேரடியாக வைத்து, சிவப்பு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த்தில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரை மாற்ற வேண்டும். பெயிண்டுக்கு மேலே திருகு போட்டு இறுக்கிய எர்த்தை எத்தனை வண்டிகளில் பார்த்திருக்கிறேன்! அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளபளவென்று தெரிந்த பிறகு வளையம் போட்ட டெர்மினலை வைத்து, பல் வாஷருடன் இறுக்குங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள். பக் கன்வெர்ட்டரின் எர்த்தைத் தனி ஒயராக அதே ஒரு திருகுக்குக் கொண்டு வாருங்கள். இரண்டையும் வழியில் எங்கும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு, எஞ்சின் ஓடாதபோதும் "ஜிஜ்ஜிஜி" என்று ஒரு மெல்லிய இரைச்சல் புளூடூத்தில் மட்டும் கேட்டால் அது பேனலின் சொந்த இரைச்சல். பி 0505 எஸ் என்ற சிறிய கருப்புத் துண்டு ஒன்று எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிறது, 5 வோல்ட் வாங்கி 5 வோல்ட் கொடுக்கும், ஆனால் இரு பக்கத்து எர்த்தும் தொடர்பற்று இருக்கும். அதன் வழியாகப் பேனலுக்கு மின்சாரம் கொடுத்தால், பேனலுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே சிக்னல் ஒயரின் எர்த் ஒன்றுதான் மிஞ்சும். இரைச்சல் நுழைய வழி இருக்காது. எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது, அந்தத் துண்டின் வலிமை ஒரு வாட், அதாவது 200 மில்லிஆம்பியர்தான். புளூடூத்துக்குப் போதும்; பென் டிரைவ் சொருகினால் போதாமல் பேனல் அணைந்து அணைந்து எரியும். பென் டிரைவில் பாட்டுக் கேட்பவருக்கு இதை விட்டுவிட்டு, சிக்னல் ஒயரில் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டரைப் போடுகிறேன்.

அரை மணி நேரம் பாடிவிட்டு நின்றுபோகிறது

நின்ற உடனே ஹீட் சிங்கை, அதாவது ஐசியின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டை, தொடுங்கள். விரலை மூன்று நொடி வைத்திருக்க முடியாவிட்டால் ஐசி தன்னைத்தானே காத்துக்கொள்ள நின்றிருக்கிறது, ஆறியதும் பாடும். டிடிஏ 7388 ஐசியின் முதுகுத் தகடு எர்த்தோடு சேர்ந்ததே என்பதால் நடுவில் மின்காப்புக்கான மைகா வைக்க வேண்டியதில்லை. ஹீட் பேஸ்டை மெல்லிய படலமாகத் தடவி நேராக இறுக்கலாம். பேஸ்டை அள்ளிப் பூசினால் சூடு கடப்பது குறைகிறது. நான்கு ஸ்பீக்கர் ஓடும் செட்டுக்கு உள்ளங்கையளவு ஃபின் போட்ட ஹீட் சிங்கையாவது வையுங்கள். டேஷ்போர்டுக்குள் காற்று ஓடாது. மேசையில் வைத்துச் சோதித்தபோது போதும் என்று தோன்றிய அளவு உள்ளே போதாது. டிடிஏ 7297 போட்டவர்கள் ஒரு சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கொடுத்து அதை 2 ஓம் ஆக்கிவிடுகிறார்கள். அந்த ஐசிக்கு அது தாங்காது.

ஹீட் சிங்க் ஆறிக் கிடந்தும் பேனல் மட்டும் அணைந்தால், பேனலின் பின்னால் இருக்கும் 78எம்05 ரெகுலேட்டரைத் தொடுங்கள். 12 வோல்ட் என்று எழுதி விற்கும் பேனல்களில் இது இருக்கும். எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட் உள்ளே போய் 5 வோல்ட் வெளியே வருகிறது, கால் ஆம்பியர் பாய்கிறது என்றால், மிச்சம் 9.2 வோல்ட்டும் சூடாகிறது, 2.3 வாட். நகத்தளவு துண்டுக்கு இது மிகவும் அதிகம். பக் கன்வெர்ட்டரை 8 வோல்ட்டுக்குத் திருகி வைத்து அதிலிருந்து கொடுத்தால் சூடு 0.75 வாட்டாகக் குறைந்துவிடும்.

போர்டில் சப்ளைக்குக் குறுக்கே நிற்கும் பெரிய கெபாசிட்டரின் மேல் 16 வோல்ட் என்று எழுதியிருந்தால், கோளாறு வரும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி என்று கேட்டு வாங்குங்கள்.

பள்ளத்தில் இறங்கினால் விட்டு விட்டு வருகிறது

ஈயம் விட்ட இணைப்பு. செட்டை ஓடவிட்டு, ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் போர்டை ஒவ்வோர் இடமாகத் தட்டுங்கள். எங்கே தட்டினால் விட்டுப் போகிறதோ அங்கே மறுபடி ஈயம் வையுங்கள்.

எஃப்எம் இழுக்கவில்லை

பெங்களூருவில் 101.3, 102.9 ஆகிய இரண்டு ஆகாசவாணி அலைவரிசைகளையும் வைத்துச் சோதிக்கிறேன். பேனலின் ஆன்டெனா முனையில் வெறும் ஒரு சாண் ஒயரைத் தொங்கவிட்டு டேஷ்போர்டுக்குள் சுருட்டி வைத்தால் எதுவும் வராது. எஃப்எம் அலையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு சுமார் 75 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒயரை வெட்டி, முன்கண்ணாடியின் ஓரத் தூண் வழியாக மேலே ஏற்றி விடுங்கள். நிலையம் கிடைத்தும் பின்னால் சீறல் இருந்தால் அது பக் கன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. கன்வெர்ட்டரை ஆன்டெனா ஒயரிலிருந்து தள்ளி வைத்து, உள்ளே போகும் ஒயர்களையும் வெளியே வரும் ஒயர்களையும் தனித்தனி ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள்.

மூன்று நாள் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பாருங்கள். கதவுகள் மூடியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்; மீட்டரின் உள் ஃபியூஸோ மீட்டரேயோ போய்விடும். 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இருந்தால் செட்டின் மேல் குற்றமில்லை.

ஏறக்குறைய 200 காட்டினால், ஆம்ப்ளிஃபயரின் ஸ்டாண்ட்-பை காலை யாரோ மஞ்சள் ஒயரோடு நிரந்தரமாக இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். விழித்திருக்கும் டிடிஏ 7388, பாட்டே இல்லாமல் 190 மில்லிஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியை அது எட்டு நாளில் முழுதாகக் காலி செய்துவிடும். பழைய பேட்டரி என்றால் மூன்று நான்கு நாளிலேயே ஸ்டார்ட்டர் முனகத் தொடங்கும். ஸ்டாண்ட்-பை காலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிவப்பு ஒயருக்கு மாற்றி, காலுக்கும் எர்த்துக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வையுங்கள். சாவியைத் திருப்பும்போது ஸ்பீக்கரில் எழும் "டப்" என்ற அடியும் அதே கெபாசிட்டரால் தணியும்.

பேனலும் பக் கன்வெர்ட்டரும் மஞ்சளில் இருந்தால் அவற்றை ஒரு 12 வோல்ட் ரிலே வழியாகக் கொடுப்பது நல்லது. 86ஆம் காலுக்குச் சிவப்பு ஒயர், 85க்கு எர்த், 30க்கு ஃபியூஸ் தாண்டிய மஞ்சள், 87லிருந்து செட்டுக்கு. 85க்கும் 86க்கும் குறுக்கே 1என் 4007 டயோடு ஒன்றை, அதன் வெள்ளைக் கோடு 86 பக்கம் இருக்கும்படி வையுங்கள். இணைத்து முடித்ததும் மீட்டரை மறுபடி அதே இடத்தில் வைத்து, சாவியை எடுத்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு எண்ணைப் படித்து, செட்டின் மூடிக்கு உள்பக்கம் தேதியோடு பென்சிலால் எழுதி வைப்பது என் வழக்கம்.